நிறையாத பேட்டரி: ஒரு கேம்பர் வேனில் ஏ.ஜி.எம்.மா, லித்தியமா?

2024 மே மாதக் கடைசியில், பொள்ளாச்சியை அடுத்த ஒரு ஊரிலிருந்து கேம்பர் வேன் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. டெம்போ டிராவலரை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, பின்பக்கம் கட்டிலும் நடுவில் சிறு சமையல் மேடையும் அமைத்து, பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றுவதற்கென்று ஒரு தம்பதி வைத்திருந்த வண்டி. வீட்டுப் பகுதிக்கென்று 100 ஆம்பியர் மணி கொண்ட இரண்டு ஏ.ஜி.எம். (மூடி அடைத்த ஈய அமில வகை) பேட்டரிகளை 22 மாதங்களுக்கு முன் வேறொருவர் பொருத்தியிருந்தார். அவை "செத்துவிட்டன", லித்தியம் போட்டுக் கொடுங்கள் என்பதுதான் உரிமையாளர் கேட்டது. அவர் மனைவி சொன்ன குறை இன்னும் துல்லியமானது: "காலையில ஆறு மணிக்கு மிக்ஸிய ஓட்டுனா, சட்னி பாதியில நின்னுருதுங்க தம்பி. அந்தப் பெட்டி கீகீன்னு கத்துது."

அந்தக் "கீகீ" இன்வெர்ட்டரின் குறைமின்னழுத்த எச்சரிக்கை. 500 வாட் மிக்ஸி ஓடும்போது இன்வெர்ட்டர் 12 வோல்ட் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கிறது. தேங்காயும் பொட்டுக்கடலையும் நிறைந்த ஜாரைத் தொடக்கத்தில் சுழற்றும் அந்த ஒரு நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கிறது. நல்ல நிலையிலுள்ள இரண்டு ஏ.ஜி.எம். பேட்டரிகள் இதைத் தாங்கியிருக்க வேண்டும். ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன்னால், இருந்தவை ஏன் இப்படி ஆயின என்று பார்க்க மூன்று நாள் அவகாசம் கேட்டேன். இந்த ஆய்வில் உருப்படியான பகுதி அந்த மூன்று நாள்களில் தெரிந்துகொண்டதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பழைய பேட்டரிகளின் பிரேதப் பரிசோதனை

இரண்டையும் தனித்தனியே பிரித்து, முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு ஓய்வில் விட்டு, பிறகு 5 ஆம்பியர் சுமையில் 10.5 வோல்ட் வரை இறக்கிப் பார்த்தேன். 100 ஆம்பியர் மணி என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பது 20 மணி நேரக் கணக்கு. அதாவது 5 ஆம்பியரை 20 மணி நேரம் தர வேண்டும். முதல் பேட்டரி 10 மணி 24 நிமிடம் தாங்கியது, இரண்டாவது 8 மணி 12 நிமிடம். கணக்கிட்டால் 52, 41 ஆம்பியர் மணி. இரண்டும் சேர்ந்து 200-க்கு 93. பாதியும் மிஞ்சவில்லை.

ஏ.ஜி.எம். என்பது வேறெதுவுமில்லை, நாம் வீட்டு இன்வெர்ட்டரில் பார்த்துப் பழகிய அதே ஈய அமில பேட்டரிதான். அமிலம் திரவமாகத் தளும்பாமல் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறி நிற்கிறது, மேலே மூடி அடைக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆட்டத்தைத் தாங்கும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சிந்தாது என்பதால் வண்டிகளுக்கு ஏற்றது. ஆனால் ஈய அமிலத்தின் அடிப்படைக் குணம் அதனிடமும் உண்டு: சார்ஜ் குறைந்த நிலையில் நெடுநேரம் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிந்து, நாளடைவில் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது. இந்த வண்டியில் அது நடப்பதற்கு மூன்று வழிகள் திறந்திருந்தன.

முதலாவது, வண்டி நிற்கும் கொட்டகை. ஆண்டுக்குச் சுமார் 120 நாள் பயணம் போகிறார்கள். மீதி நாள்களில் வண்டி தகரக் கூரையின் கீழ் நிற்கிறது, சோலார் பேனலில் வெயில் படுவதில்லை. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு கிளாம்ப் மீட்டரை வைத்தபோது 110 மில்லியம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, பாட்டுப் பெட்டியின் நினைவகம், இன்வெர்ட்டரின் முகப்புத் திரை ஆகிய மூன்றும் சேர்ந்து குடித்த அளவு அது. கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 2.64 ஆம்பியர் மணி. 50 நாள் நின்றால் 132. பயணத்திலிருந்து பாதி சார்ஜோடு திரும்பிய பேட்டரியில் அவ்வளவு இருக்கவே இருக்காது. ஆக, ஒவ்வொரு பயணத்துக்கும் இடையில் அந்தப் பேட்டரிகள் முழுக்க வடிந்து, வாரக்கணக்கில் வடிந்தபடியே கிடந்திருக்கின்றன. உரிமையாளர் இதைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. "வண்டி நின்னா பேட்டரியும் சும்மாதானே இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இரண்டாவது, பயணத்தின்போதும் பேட்டரி முழுமையாக நிறைந்ததில்லை. எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) வழியாக 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் பின்பக்கம் வரை போயிருந்தது. போகவும் வரவும் சேர்த்து 14 மீட்டர். 25 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கேபிளிலேயே 0.6 வோல்ட் தொலைந்தது. ஆல்டர்னேட்டர் முனையில் 14.1 வோல்ட் இருந்தால் பேட்டரிக்கு வந்து சேர்வது 13.5 வோல்ட்தான். மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பதால் கேபிளை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. அது முதல் கட்டத்தை மெதுவாக்கியது, அவ்வளவே. பெரிய சிக்கல் நேரம். ஈய அமில பேட்டரி 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும். கடைசி 20 சதவீதம் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு நான்கைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும், பெரிய சார்ஜர் வைத்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது. இந்தத் தம்பதியோ ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. நிறுத்தும் இடமும் பெரும்பாலும் மர நிழல். நம் ஊர் வெயிலில் யாரும் வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வெயிலில் நின்றால் பேட்டரி நிறையும், ஆள் வெந்துபோவார். நிழலில் நின்றால் ஆள் பிழைப்பார், பேட்டரி பட்டினி. கூரையில் 330 வாட் பேனல் படுத்தபடி கிடந்தும் பலன் குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, வெப்பம். பேட்டரிப் பெட்டியைப் பின் சக்கரத்துக்கு மேலே, வெளித்தகட்டை ஒட்டி, காற்று புகாதபடி அடைத்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே 47 டிகிரி செல்சியஸ். ஈய அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. அதோடு, சோலார் கன்ட்ரோலரில் வெப்ப உணரி இல்லை. 45 டிகிரியில் 13.9 வோல்ட் அளவில் நிறுத்தியிருக்க வேண்டியதை, வெயில் கிடைத்த நாள்களில் 14.4 வோல்ட் வரை ஏற்றியிருக்கிறது. மூடிய பேட்டரியில் இப்படி ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் வாயுவாக வெளியேறும். திரும்ப ஊற்ற வழியில்லை. சில நாள் பட்டினி, சில நாள் அளவுக்கு மீறிய தீனி.

இந்த மூன்றிலும் பேட்டரியின் குற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இதே பெட்டியில், இதே கேபிளில், இதே கொட்டகையில் லித்தியத்தை வைத்திருந்தாலும் அது வேறு வழியில் கெட்டிருக்கும்.

தேவை எவ்வளவு

45 வாட் இழுக்கும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், கோடையில் நாளின் 60 சதவீத நேரம் ஓடினால் 648 வாட் மணி. 25 வாட் மின்விசிறிகள் இரண்டு, ஒன்பது மணி நேரத்துக்கு 450. விளக்குகளுக்கு 80, தண்ணீர்ப் பம்புக்கு 15, கைப்பேசி, மடிக்கணினிக்கு 150, மிக்ஸிக்கு இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 98. மொத்தம் 1,441 வாட் மணி; அதாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட்.

இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டும் என்றும் உரிமையாளர் விரும்பினார். அரை மணி நேரம் 1,500 வாட்டில் சமைத்தால் இழப்போடு 850 வாட் மணி கூடும். பேட்டரியிலிருந்து 140 ஆம்பியருக்கு மேல் தொடர்ச்சியாக ஓடும். அதற்கு எல்லாக் கேபிளையும் தடிமனாக்க வேண்டும். சிறிய காஸ் சிலிண்டரை ஒழுங்காகக் கட்டி வைத்துச் சமைப்பதே இந்த வண்டிக்குப் போதும் என்றேன். உரிமையாளரின் மனைவியான அந்த அம்மா உடனே ஒத்துக்கொண்டார். தோசைக்கல் இண்டக்‌ஷனில் சரியாக வராது என்பது அவருடைய தனிக் காரணம்.

ஏ.ஜி.எம்.மைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்தால், பழைய இரண்டு பேட்டரிகள் புதிதாக இருந்தபோதே அவற்றில் பயன்படுத்தத்தக்கது 1,200 வாட் மணிதான். தேவை 1,441. தொடக்கத்திலேயே அளவு போதவில்லை. புதிதாக ஏ.ஜி.எம். போட்டால் 100 ஆம்பியர் மணியில் நான்கு வேண்டும். ஒன்று 30 கிலோ வீதம் 120 கிலோ, பயன்படுத்தத்தக்கது 2,400 வாட் மணி. லித்தியத்தில் 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணிப் பெட்டி ஒன்று 2,560 வாட் மணி. 80 சதவீதம் பயன்படுத்தினால் 2,048. எடை 23 கிலோ. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டியில், பின் சக்கரத்துக்கு மேல் ஏறக்குறைய 100 கிலோ குறைவது ஓட்டுபவர் கையிலேயே தெரியும்.

இரு பக்கத்துக் கணக்கு

எனக்குக் கிடைத்த விலைகள்: நான்கு ஏ.ஜி.எம். 68,000 ரூபாய். லித்தியம் 58,000, அதனுடன் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கும் டி.சி-டி.சி சார்ஜர் 24,000, ஃபியூஸும் கேபிளும் 7,000, பேட்டரியில் எவ்வளவு மீதி என்று எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் 6,000, ஆக 95,000. விற்பவர்கள் இந்த இடத்தில் ஒரு வகுத்தல் போட்டுக் காட்டுவார்கள். ஏ.ஜி.எம். 600 சுழற்சி (ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு சுழற்சி), லித்தியம் 3,000 சுழற்சி என்று வைத்தால், வாழ்நாளில் ஒரு யூனிட் மின்சாரம் ஏ.ஜி.எம்.மில் 47 ரூபாய், லித்தியத்தில் 15 ரூபாய் 50 காசு. கணக்கில் பிழையில்லை, பயன்பாட்டில்தான் பொருந்தாது. ஆண்டுக்கு 120 நாள் ஓடும் வண்டியில் 3,000 சுழற்சி முடிய 25 ஆண்டு ஆகும். அதற்கு வெகு முன்பே வெறும் வயதாலேயே அந்தப் பேட்டரி தளர்ந்துவிடும். பத்தாண்டு என்று வைத்துக்கொண்டால், ஏ.ஜி.எம். இரண்டு முறை வாங்க வேண்டிவரும், 1,36,000. அதில் பழைய ஈயம் எடைக்குப் போகும் பணத்தைக் கழிக்கலாம். இந்த வண்டியின் பழைய இரண்டுமே 60 கிலோ, 4,800 ரூபாய்க்குப் போயின. பழைய லித்தியத்தை எடைக்குக் கேட்டு எந்தக் கடைக்காரரும் வரவில்லை. ஆகவே வித்தியாசம் உண்டு, ஆனால் மூன்று மடங்கெல்லாம் இல்லை.

எடையும் பணமும் லித்தியத்தின் பக்கம் சாய்ந்தாலும், என் முடிவுக்கு அவை காரணமாகவில்லை. இவர்களுடைய பயணமுறையில் பேட்டரி வாரக்கணக்கில் பாதியும் முக்காலுமாகவே இருக்கும். கேபிளைத் தடிமனாக்கலாம், கொட்டகைக் கசிவை ஒரு ஸ்விட்ச் வைத்து நிறுத்தலாம், பெட்டியை இடம் மாற்றலாம். ஆனால் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நிழலில் நிறுத்துபவரை ஏழு மணி நேரம் ஓட்டச் சொல்ல முடியாது. முக்கால் நிறைவில் கிடப்பது ஏ.ஜி.எம்.முக்கு நோய், நாங்கள் போடும் லித்தியம் வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு அதுவே சுகமான நிலை. அது முழுமையாக நிறைய வேண்டிய கட்டாயமில்லை. உள்ளே வரும் மின்னோட்டத்தையும் கடைசி வரை தயங்காமல் வாங்கிக்கொள்ளும். 30 ஆம்பியர் சார்ஜர் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 1,280 வாட் மணி தரும். நிழலில் நின்றாலும் பேனல் சில நூறு தரும். ஒரு நாள் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

"அதுக்கு மேலயா படுக்கிறது?"

இந்தக் கேள்வியை அம்மா கேட்டார். 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளை அவர் மறக்கவில்லை. நானோ பேட்டரியை வெளிச்சுவரிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். லித்தியம் என்பது ஒரே பொருளின் பெயரல்ல என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. நிக்கல், கோபால்ட் கலந்த வகைகள் குறைந்த எடையில் அதிக ஆற்றல் தருபவை. அதிகம் சூடாகும்போது அவற்றின் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிடும், அது தீக்குத் துணைபோகும். வீட்டுப் பயன்பாட்டுக்கும் கேம்பருக்கும் நாங்கள் எடுப்பது இரும்பு பாஸ்பேட் வகை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர், அவர்களுள் இந்தியரான அக்ஷய பாதி, 1997-இல் வெளியிட்ட பொருள் அது. அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகக் கட்டுண்டிருப்பதால் எளிதில் பிரியாது. தீயே பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. மிகையாகச் சூடானாலோ நசுங்கினாலோ அதுவும் எரியக்கூடிய வாயுவை வெளிவிடும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றினால் ஏ.ஜி.எம்.மும் ஹைட்ரஜன் விடும், 22 மாதம் அதன் அருகில்தான் படுத்திருந்தீர்கள் என்றதும் சிரித்துவிட்டார்.

சிரிப்போடு விடவில்லை. பெட்டியை இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிணைத்து, தரை வழியாக வெளியே காற்றுப் போக்கி வைத்தேன். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் டி வகை ஃபியூஸ். ஷார்ட் ஆனால் இந்த பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சாதாரண கார் ஃபியூஸ் உருகிய பிறகும் நடுவில் தீப்பொறி வளைவு நின்றுவிடலாம். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் திறனுள்ளது இந்த வகை. இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

இடமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லித்தியம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் குளிரைப் பற்றியே பேசுகிறார்கள்: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். உண்மைதான். ஆனால் மேல் எல்லையும் இருக்கிறது. பல பேட்டரிகளில் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும், அந்த அளவில் அல்லது சற்று மேலே உள்ளிருக்கும் பி.எம்.எஸ். என்ற காவலன், அதாவது செல்களைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று, சார்ஜைத் துண்டித்துவிடும். 47 டிகிரிப் பெட்டியில் வைத்திருந்தால், வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில்தான் சோலார் ஏறாமல் நின்றிருக்கும். கட்டிலுக்கு அடியில் அதே மே மாத மதியம் 37 டிகிரி.

ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் நேரடியாக இணைக்கவில்லை. லித்தியம் கேட்டால் கேட்ட அளவு இழுக்கும். மலைப்பாதை நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், கம்பிச்சுருள் கருகும். நடுவில் பி.எம்.எஸ். திடீரென்று துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். டி.சி-டி.சி சார்ஜர் இரண்டையும் தடுக்கிறது. 24,000 ரூபாய் அதற்குத்தான்.

பொருத்திய பிறகு

ஷன்ட் மீட்டரை மட்டும் உரிமையாளர் அப்போது வேண்டாம் என்றார். பழைய வோல்ட் மீட்டர் சிவப்பு எழுத்தில் நன்றாகத்தான் எரிகிறது, 6,000 எதற்கு என்பது அவர் வாதம். நானும் வற்புறுத்தவில்லை, அது என் தவறு. ஏ.ஜி.எம்.மில் 12.8 என்றால் நிறைவு, 12.1 என்றால் பாதி என்று அவர் கண் பழகியிருந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தமோ 90 சதவீதத்திலிருந்து 30 வரை ஏறக்குறைய ஒரே கோடாகப் போகும். ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தபோது வால்பாறையில் மூன்று நாள் வண்டியை நகர்த்தாமல் நின்றார்கள். பேனல் தந்தது நாளுக்கு 250 வாட் மணியளவு, செலவு 1,150. மீட்டர் 13.1 என்றது, மறுநாள் 13.0 என்றது, அவர் நிறைவாகத் தூங்கினார். மூன்றாம் நாள் இரவு பி.எம்.எஸ். அனைத்தையும் துண்டித்தது. விடிகாலையில் முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தபோது பம்பு ஓடவில்லை, விளக்கும் எரியவில்லை. ஏ.ஜி.எம்.மாக இருந்திருந்தால் விளக்கு மங்கி, விசிறி தளர்ந்து முந்தின நாளே சொல்லியிருக்கும். லித்தியம் சொல்லாமல் போகும். எஞ்சினை ஓடவிட்டதும் சார்ஜர் அதை எழுப்பிவிட்டது, சேதம் எதுவுமில்லை. ஊர் திரும்பிய வாரமே ஷன்ட் பொருத்தினோம். அது உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணிச் சதவீதமாகக் காட்டுகிறது.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மணாலி–லே பாதையில், 4,200 மீட்டருக்கும் மேலே உள்ள சர்ச்சுவில் ஓர் இரவு தங்கினார்கள். விடியற்காலையில் பேட்டரியின் உணரி 3 டிகிரி காட்டியது. 5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறக் கூடாது என்று வைத்திருந்ததால் ஒன்பது மணி வரை பேனல் சும்மா இருந்தது, வண்டி சூடானதும் தானாக ஏறத் தொடங்கியது. மின்சாரம் எடுப்பதில் தடையில்லை. அந்தக் குளிரிலும் மிக்ஸி ஓடியிருக்கிறது. ஜனவரியில் ஊட்டி தலைகுந்தாவில் புல்லின் மேல் உறைபனி பூத்திருந்த காலையில்கூட கட்டிலுக்கு அடியில் 9 டிகிரி. நம் மாநிலத்துக்குள் மட்டும் சுற்றுபவர்கள் உள்ளேயே சூடேற்றும் கருவி வைத்த பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

இதே மாதங்களில் இன்னொரு வண்டிக்காரர் லித்தியம் கேட்டு வந்தார். வார இறுதியில் மட்டும் வெளியே போகிறார். விளக்கு, ஒரு விசிறி, பம்பு. ஃப்ரிட்ஜ் இல்லை, ஐஸ் பெட்டிதான். ஞாயிறு இரவு வீட்டு வாசலில் நிறுத்தியதும் சார்ஜரைச் செருகிவிடுகிறார், வெள்ளிக்கிழமை வரை அது நிறைந்தே நிற்கிறது. அவருடைய 100 ஆம்பியர் மணி ஏ.ஜி.எம். ஐந்தாவது ஆண்டில் சோதனையில் 81 தந்தது. அதையே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். கடைசியில் வேறு ஆளிடம் போய் லித்தியம் போட்டுக்கொண்டார் என்று கேள்வி.

பொள்ளாச்சி வண்டியின் கொட்டகைக் கசிவை நிறுத்த, பேட்டரிக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் 900 ரூபாய்க்கு ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் வைத்தோம். லித்தியத்தையும் வடியவிட்டு மாதக்கணக்கில் விட்டால் மீளாது, ஆனால் ஏ.ஜி.எம்.போல் நிறைத்து வைக்க வேண்டியதில்லை, 50, 60 சதவீதத்தில் விடுவதே நல்லது. ஊட்டியிலிருந்து திரும்பிய அன்று 60 காட்டியதும் உரிமையாளர் ஸ்விட்சைத் திருப்பிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினார். 50 நாள் கழித்துத் திறந்தபோது 58.